வெல்ட்ராவில் ஒருத்தி, நாழியில் ஒருத்தி

திருத்தணி
12.1.2025

அன்புத் தங்கை யோகலட்சுமிக்கு,

அக்கா சந்திரா எழுதுகிறேன். மலைமேல் இருப்பவன் புண்ணியத்தில் நானும் உன் பாவாவும் கனிமொழியும் சுகம். அம்மையார்குப்பத்தில் நைனாவுக்கு இருமல் நின்றுவிட்டது. நீ, மாப்பிள்ளை ஹேமநாதன், குட்டிப்பயல், உன் மாமியார் எல்லோரும் எப்படி என்று மறக்காமல் எழுது.

போனில் எழுதாதே என்று நீ கட்டளை போட்டதால் பேனா பிடித்திருக்கிறேன். உன் மாமியார் வைத்த ரசத்தைப் பற்றி நான் அனுப்பியதை, உன் மகன் எதையோ அமுக்கி, போன் கூடம் முழுக்கக் கேட்கப் படித்துக் காட்டிவிட்டதே! நினைக்க நினைக்கச் சிரிப்பு வருகிறது. நகரியில் உன் வீட்டாருக்குத் தமிழ் காதில் ஏறும், கண்ணில் ஏறாது. தெலுங்கு எழுத்துதான் அவர்களுக்குத் தெரியும். நமக்குக் காகிதம்தான் பத்திரம். சித்தப்பா மகன் வேணு தறிக்கு நூல் ஏற்றும் வண்டியை ஓட்டிக்கொண்டு வாராவாரம் அங்கே வருகிறான். அவனிடம் கொடுத்துவிடுகிறேன்.

சரி, நம் பழைய சண்டைக்கு வருவோம். படிபூஜைக்கு வந்த ஒருவர் சரவணப்பொய்கையில் முங்கி எழுந்து, கையில் இருந்த ஸ்மார்ட் வாட்சைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ வேலை பார்க்கும் உங்கள் வெல்ட்ரா கம்பெனியுடையதுதான். கண்ணாடிக்கு உள்ளே ஆவி படிந்து வெள்ளையாகக் கிடந்தது. “நாழி வாட்சா இருந்தா இந்நேரம் மணி காட்டிகினு இருக்கும் சார்” என்றேன். அவர் என்னை முறைத்த முறையில் உன் பாவா ஆட்டோவைக் கிளப்பிவிட்டார்.

ஒன்பது வருஷமாக நாழி கம்பெனியில் தண்ணீர் சோதனை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். வாட்சைத் தண்ணீரில் அழுத்தி எடுத்து, சூடு காட்டி, கண்ணாடிமேல் குளிர்ந்த சொட்டு ஒன்றை விட்டு, உள்ளே ஆவி பிடிக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. என் பெஞ்சைத் தாண்டி ஆவி பிடித்த வாட்ச் ஒன்றுகூடப் போனதில்லை. உன் வெல்ட்ராவில் அந்த பெஞ்சே கிடையாதோ?

இங்கே சில நாளாக டை கட்டியவர்கள் வந்து போகிறார்கள். எங்கள் மேனேஜர் பஞ்சாட்சரம் சார் முன்போல லைன் பக்கம் வருவதில்லை. உனக்கு ஏதாவது காதில் விழுந்தால் சொல்.

குட்டிப்பயலின் கன்னத்தைக் கிள்ளியதாக வைத்துக்கொள்.

அக்கா
சந்திரா

*

நகரி
26.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

யோகத்தின் வணக்கம். நாங்கள் நால்வரும் நலம். மாமியாருக்கு மட்டும் முழங்கால் வலி. அந்த ரசத்துக்குப் பிறகு அவர்கள் ரசமே வைப்பதில்லை. தினமும் பருப்புதான். புண்ணியம் உன்னைச் சேரட்டும்.

வெல்ட்ராவைக் குளத்தில் முங்கவா செய்தோம்? உங்கள் விலையில் பாதிக்கு விற்கிறோம். ஊரெல்லாம் கையில் கட்டுகிறது. எங்கள் வீட்டுக்கு எதிரே பால் ஊற்றுகிறவர்கூட வெல்ட்ராதான். நாழி வாட்சை வாங்கியவன் தண்ணீருக்குள்ளேயேவா குடியிருக்கப் போகிறான்?

இன்னொரு விஷயம். உட்கார்ந்துகொண்டு படி. என்னை லைன் லீடர் ஆக்கிவிட்டார்கள். பொங்கல் முடிந்து போனதும் நீலச் சட்டை கொடுத்தார்கள். முப்பது பெண்கள் என் பொறுப்பு. தெலுங்குக்காரிகள் பாதி, தமிழச்சிகள் பாதி. இரண்டிலும் திட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் கொடுத்தார்களாம். மாமியார் தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தார்கள். நீ லீடர் ஆவதற்கு முன்னால் நான் ஆகிவிட்டேன், பார்த்தாயா?

இங்கே ஒன்றும் காதில் விழவில்லை. டை கட்டியவர்கள் எல்லாக் கம்பெனிக்கும் வருவார்கள்.

பாவாவுக்கு என் நமஸ்காரம். கனிமொழியை நன்றாகப் படிக்கச் சொல்.

உன்
யோகம்

*

திருத்தணி
2.3.2025

அன்புத் தங்கைக்கு,

எல்லோரும் சௌக்கியம். நீலச் சட்டைக்காரிக்கு என் பாராட்டு. அதை நேரில் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் பெரிய சேதி வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை எங்கள் எல்லோரையும் கேண்டீனுக்கு வரச் சொன்னார்கள். ஆளுக்கொரு கிண்ணம் கேசரி. என் பக்கத்து பெஞ்ச் அம்சா உடனே சொன்னாள்: “காரணமில்லாம கம்பெனி கேசரி குடுக்காது சந்திரா.” பம்பாயிலிருந்து வந்த ஒருவர் இங்கிலீஷில் பேசினார். பஞ்சாட்சரம் சார் தமிழில் சொன்னார்.

“நாழியை வெல்ட்ரா வாங்கிடுச்சிமா. இனிமே ரெண்டு கம்பெனியும் ஒரே குடும்பம்.”

“குடும்பம்னா இதுல யாரு சார் மாமியாரு?” என்று அம்சா கேட்டாள். கேண்டீனே சிரித்தது. சார் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பஸ்ஸில் வரும்போது, அரக்கோணத்தில் இறங்க வேண்டிய பெண் இறங்க மறந்து திருத்தணிவரை வந்துவிட்டாள். உன் பாவா ஆட்டோவில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

ஆனால் நான் பயந்துபோய் எழுதவில்லை, யோகம். எங்கள் வாட்ச் நல்ல வாட்ச். எங்கள் கை நல்ல கை. வாங்கியவன் முட்டாளாக இருக்க மாட்டான். இத்தனை நாள் எதிரெதிராக இருந்தோம், இனி இருவரும் ஒரே கம்பெனி. பேட்ஜில் ஒரே பெயர். நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. உங்கள் பக்கம் என்ன பேசிக்கொள்கிறார்கள்? பிளாண்டை அப்படியே நடத்துவார்களா? நீ இப்போது லீடர். உனக்குத் தெரியாமல் இருக்காது. ஒளிக்காமல் எழுது.

மாமியாரின் முழங்காலுக்கு வேணுவிடம் தைலம் கொடுத்திருக்கிறேன். தமிழ் மருந்து, தெலுங்குக் காலுக்கும் கேட்கும்.

அக்கா
சந்திரா

*

நகரி
25.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். பதில் தாமதமாகிவிட்டது. குட்டிப்பயலுக்குப் பொன்னுக்குவீங்கி வந்து கன்னம் பந்துபோல் ஆகிவிட்டது. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினோம். இப்போது பரவாயில்லை. தைலம் மாமியாருக்குப் பிடித்திருக்கிறது.

இந்த வருஷம் தோட்டங்களில் மாம்பூ நன்றாகப் பிடித்திருக்கிறது என்கிறார்கள். வெயில் இப்போதே தாங்கவில்லை.

கம்பெனி விஷயம் எனக்கு ஒன்றும் தெரியாது. வேலை அதிகம். கனிமொழிக்குப் பரீட்சை எப்போது?

யோகம்

*

திருத்தணி
13.4.2025

யோகலட்சுமிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். நலமாக இருப்பதைத்தான் அம்சா நேரிலேயே பார்த்துவிட்டாளே.

கனிமொழியின் கணக்குப் பரீட்சை அன்று நான் லீவு போட்டேன். அவள் பயந்த சுபாவம், பரீட்சைக் கூடத்துக்கு வெளியே நான் நின்றால்தான் எழுதுவாள். மறுநாள் வேலைக்குப் போனதும் அம்சா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

“நேத்து வெல்ட்ராவுல இருந்து ஆளுங்க வந்தாங்க. அதுல ஒரு பொண்ணு. உன் மூக்கு, உன் நடை. பேரக் கேட்டேன், யோகலட்சுமின்னாங்க. கையில அட்டை வெச்சிகினு ஒவ்வொருத்தி பின்னாலயும் நின்னு வேலையப் பாத்தாங்க. உன் பெஞ்சாண்ட வந்து கொஞ்ச நேரம் சும்மா நின்னாங்க. அப்பறம் போயிட்டாங்க. அது உன் தங்கச்சிதான?”

நான் என்ன சொல்ல வேண்டும் என்று நினைக்கிறாய்? “ஆங், எங்கிட்ட சொல்லிட்டுத்தான் வந்தா” என்று பொய் சொன்னேன்.

நேற்று அறிவிப்பு ஒட்டினார்கள். மே மாதக் கடைசியோடு பிளாண்டை மூடுகிறார்கள். வெல்ட்ராவுக்கு வேண்டியது நாழி என்ற பெயரும், பெங்களூரில் உட்கார்ந்து சாஃப்ட்வேர் எழுதும் ஆட்களும்தானாம். இத்தனை பெண்களும் வேண்டாம். பன்னிரண்டு பேரை மட்டும் உங்கள் பிளாண்டில் எடுத்துக்கொள்கிறார்கள். பன்னிரண்டு பெயரையும் படித்தேன். நல்ல கைக்காரிகள்தான். என்னிடம் வேலை பழகிய இரண்டு பெண்களும் இருக்கிறார்கள். என் பெயர் இல்லை.

நீ எனக்காகப் பரிந்து பேசியிருக்க வேண்டாம். அதை நான் கேட்கவும் மாட்டேன். ஆனால் நான் வேலை செய்யும் இடத்து வாசல்வரை வந்தாய். வருகிறேன் என்று ஒரு வார்த்தை எழுத உனக்குக் காகிதம் கிடைக்கவில்லையா? பொன்னுக்குவீங்கியையும் மாம்பூவையும் எழுத மட்டும் கிடைத்ததா?

சந்திரா

*

நகரி
18.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் குளியலறையில் வைத்துப் படித்தேன். கண் ஏன் சிவந்திருக்கிறது என்று மாமியார் கேட்டார்கள். சீயக்காய் பட்டுவிட்டது என்றேன்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மார்ச் மாதம் எங்களில் நாலு லீடர்களைக் கூப்பிட்டு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நாழி பிளாண்டுக்குப் போய் ஆள் தேர்ந்தெடுக்க வேண்டும், இதை வெளியே யாரிடமும் சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கினார்கள். அதனால்தான் மாம்பூவை எழுதினேன். ஒன்றும் தெரியாது என்று எழுதும்போது கை கூசியது.

கிளம்புவதற்கு முன்னால் எச்.ஆர். அதிகாரி கேட்டார்: “அங்கே உங்களுக்குச் சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?” எங்கள் கம்பெனியில் ஒரு விதி உண்டு. லீடராகவோ சூப்பர்வைசராகவோ இருப்பவர்களின் கூடப்பிறந்தவர்களை அதே பிளாண்டில் சேர்க்க மாட்டார்கள்.

நான் வாய் மூடி இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நீ தமிழ்நாடு, நான் ஆந்திரா. உன் பெயருக்குப் பின்னால் பாவா பெயர், என் பெயருக்குப் பின்னால் இவர் பெயர். ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைத்தேன். பிறகு எழுந்து, “சந்திரா எங்க அக்கா சார். தண்ணி டெஸ்ட்ல இருக்கா” என்றேன். “அப்ப அவங்களப் பார்க்கவேணாம்மா” என்று அங்கேயே உன் பெயரை எடுத்துவிட்டார்.

ஏன் சொன்னேன் என்று நீ கேட்பாய். மறைத்து உன்னைச் சேர்த்திருந்தால், நாளை எவளாவது ஒருத்தி, தங்கச்சி லீடர் என்பதால்தானே வந்தாய் என்று உன்னைக் கேட்பாள். ஒன்பது வருஷம் சுத்தமாக வேலை பார்த்த கை உன்னுடையது. அதை யாரும் அப்படிச் சொல்ல நான் விடமாட்டேன்.

உன் பெஞ்சைப் பார்த்தேன் அக்கா. சொட்டு விடும் இங்க் பில்லர், துடைக்கும் துணி, எல்லாம் நீ வீட்டில் அஞ்சறைப்பெட்டி வைப்பதுபோலவே வரிசையாக இருந்தன. எங்கள் பிளாண்டில் அப்படி ஒரு பெஞ்ச் இல்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

நீ அன்று லீவில் இருந்தது நல்லதாயிற்று. இருந்திருந்தால் என்னால் அட்டையில் ஒரு எழுத்துகூட எழுதியிருக்க முடியாது.

திட்டியாவது ஒரு வரி எழுது.

யோகம்

*

நகரி
11.5.2025

அக்காவுக்கு,

இங்கே நலம். கடிதத்தை நீ வாங்கிக்கொண்டாய், ஒன்றும் சொல்லவில்லை என்று வேணு சொன்னான். அடுத்த முறை கேட்டதற்கு, “அக்கா வேலையா இருக்குதுன்னு சொல்லச் சொல்லிச்சி” என்றான். போன் செய்தால் கனிமொழிதான் எடுக்கிறாள்.

நைனாவுக்கு வெயிலில் அலைய வேண்டாம் என்று சொல்.

யோகம்

*

திருத்தணி
8.6.2025

அன்புத் தங்கை யோகத்துக்கு,

எல்லோரும் நலம். கனிமொழி பாஸ். கணக்கில்தான் அதிக மார்க். நான் வெளியே நின்றதற்கு மதிப்பு உண்டு, பார்த்தாயா? நீயும் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

உன்மேல் கோபமாக இருந்தேன். ஒரு மாதம்வரை தாங்கியது, அதற்குமேல் தாங்கவில்லை. நீ அந்த அதிகாரியிடம் சொன்னது சரி. உன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அன்று மாலையே கையெழுத்தாவது கத்தரிக்காயாவது என்று உன் வீட்டு வாசலில் வந்து நின்றிருப்பேன். உனக்கும் எனக்கும் அதுதான் வித்தியாசம். இதோடு இந்தப் பேச்சு முடிந்தது.

கடைசி நாளைச் சொல்கிறேன். காலையிலேயே மெஷின்களை மரப்பெட்டியில் அடைத்துக்கொண்டிருந்தார்கள். லைனில் மிச்சம் இருந்தவை கொஞ்சம் வாட்சுகள்தான். “விடுங்கம்மா, டெஸ்ட் வேணாம்” என்று பஞ்சாட்சரம் சார் சொன்னார். “நாழி பேர்ல வெளிய போவுதில்ல சார், பாத்துத்தான் அனுப்பணும்” என்றேன். எல்லாவற்றையும் பார்த்தேன். ஒன்றில் ஆவி பிடித்தது. அதை நிறுத்திவிட்டுத்தான் எழுந்தேன். கணக்கு முடித்துக் கொடுத்தார்கள். கேட்டில் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு அழுதார்கள். அம்சா மட்டும், “கேசரி எங்க சார்?” என்று கேட்டுவிட்டு வந்தாள்.

வீட்டில் சும்மா உட்கார்ந்தது ஒரு நாள்தான். பெரியாஸ்பத்திரி நர்ஸ் பாஞ்சாலி வந்தார். மாத்திரை நேரத்துக்கெல்லாம் அவர் நாழி வாட்சில்தான் அலாரம் வைத்திருக்கிறார். பேட்டரியில் சார்ஜ் நிற்கவில்லை. மெட்ராஸில் சர்வீஸ் சென்டருக்குப் போனால் பூட்டிக் கிடக்கிறதாம். வெல்ட்ரா கடையில், பழைய வாட்சைப் போட்டுவிட்டுப் புதிதாக எங்களுடையதை வாங்குங்கள் என்றார்களாம். எங்கள் சாப்பாட்டு மேஜைமேல் வைத்துத் திறந்து, பேட்டரி மாற்றி, ரப்பர் வளையம் புதிதாகப் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் அவர் இன்னும் இரண்டு நர்ஸுகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அதற்கு அடுத்த நாள் அரக்கோணத்திலிருந்து ஒரு ரயில்வேக்காரர்.

அம்சாவைக் கூப்பிட்டேன். “ஊர் முழுக்க நாழி இருக்குது. தொறந்து பாக்கத் தெரிஞ்சவ நாமதான். இன்னா சொல்ற?”

“இன்னா சொல்றது, எடம் பாரு” என்றாள்.

உன் பாவாதான் கொஞ்சம் யோசித்தார். “செத்துப்போன கம்பெனி வாட்சுக்குக் கடை வெச்சா எவ்ளோ நாளைக்கி ஓடும்?” என்றார். “கம்பெனிதான் செத்துச்சு. வாட்ச் ஓடிகினுதான இருக்குது?” என்றேன்.

ஸ்டேஷன் ரோட்டில் ஜூஸ் கடை இருந்த சின்ன இடம் கிடைத்தது. இன்னும் ஆரஞ்சு வாசனை போகவில்லை. மெட்ராஸ் ரிச்சி தெருவில் ஒருவரிடம் நாழியின் பழைய உதிரிகள் மூட்டையாகக் கிடந்தன, வாங்கிவிட்டோம். வருஷக் கடைசியில் போன் ஆப்பை நிறுத்தப் போகிறார்களாம். நிறுத்தட்டும். ஆப் இல்லாமலே வாட்சுக்குள் நேரம் வைக்க ஒரு வழி உண்டு. டெஸ்ட் பெஞ்சில் நாங்கள் தினமும் செய்ததுதான்.

வரும் வியாழன் கடை திறக்கிறேன். ஆசீர்வாதத்துக்கு நைனா வருகிறார். நீயும் மனசால் வந்து நில்.

அக்கா
சந்திரா

*

நகரி
6.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். “ஏமிட்டி?” என்று மாமியார் கேட்டார்கள். அக்கா கடை வைத்திருக்கிறாள் என்றேன். உடனே சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றி, நானே ஒருநாள் போய்ப் பார்க்கிறேன் என்கிறார்கள். வந்தால் ரசம் மட்டும் வைத்துவிடாதே.

இப்போதெல்லாம் நேரத்தோடு வீட்டுக்கு வந்துவிடுகிறேன். குட்டிப்பயலுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க முடிகிறது. நாழியிலிருந்து வந்த பன்னிரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள், உன்னைக் கேட்டதாகச் சொன்னார்கள்.

எங்கள் கம்பெனியிலிருந்து யாராவது உன்னைப் பார்க்க வந்தார்களா? போனாவது செய்தார்களா? வந்தால் கோபப்படாமல் பேசு. அவர்கள் சொல்வதை முழுக்கக் கேள்.

மழை வரும்போல் இருக்கிறது.

உன்
யோகம்

*

திருத்தணி
24.8.2025

அன்புத் தங்கை யோகத்துக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். உன் நலத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுக்க. அதனால் தனியாக விசாரிக்கவில்லை.

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்த பிறகு பஞ்சாட்சரம் சார் சம்சாரத்தோடு மலைக்கு வந்திருந்தார். அவரை வெல்ட்ராவில் எடுத்துக்கொண்டது உனக்குத் தெரியும். தரிசனம் முடித்து நேராகக் கடைக்கு வந்தார். பிரசாதத்தைக் கையில் கொடுத்துவிட்டு, நின்றபடியே சுற்றிப் பார்த்தார். நானும் அம்சாவும் போதாமல் இப்போது இன்னும் மூன்று பழைய லைன் பெண்கள் இருக்கிறார்கள். மதுரை, சேலம் என்று கூரியரில் வாட்ச் வந்து குவிகிறது. அவருக்கு உட்கார நாற்காலி இல்லை. பார்சல் பெட்டிமேல் உட்கார்ந்தார்.

“சந்திரா, வெல்ட்ராவுல தண்ணி டெஸ்ட் செக்‌ஷன் புதுசா ஆரம்பிக்கிறோம். நீ வந்துடு.”

“அந்தச் சொந்தக்கார விதி இருக்குதே சார்?” என்றேன்.

“இன்னும் என்ன விதி? உன் தங்கச்சிதான் லீடர் வேலைய விட்டுட்டாளே. ஜூன்லயே எழுதிக் குடுத்துட்டு, நீலச் சட்டையத் திருப்பிக் குடுத்துட்டு, சாதாரண ஆபரேட்டரா உக்காந்திருக்கா. ‘எங்க அக்காவக் கூப்டுங்க சார், நான் குறுக்க நிக்கல’ன்னா. உங்கிட்ட சொல்லலியா?”

என் கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தேன். அம்சா என் முகத்தைப் பார்த்துவிட்டு, சாரின் சம்சாரத்தைக் காபி குடிக்க வெளியே கூட்டிக்கொண்டு போனாள்.

“அவ எங்கிட்ட எதத்தான் சார் சொன்னா?” என்றேன்.

அவர் மெதுவாகப் பேசினார். சம்பளம், பஸ், பி.எஃப். எல்லாம் சொன்னார். நல்ல மனுஷர், மனசறிந்துதான் கூப்பிட்டார். எல்லாவற்றையும் நீ எழுதியபடி முழுக்கக் கேட்டேன். கோபப்படவும் இல்லை. கடைசியில் சொன்னேன்: “ரொம்ப சந்தோஷம் சார். ஆனா நான் வரல. இங்க அஞ்சு பொம்பளைங்க சோறு துண்ற எடம் இது. நான் எழுந்து வந்துட்டா இத யாரு பாப்பாங்க?”

“யோசிச்சி சொல்லும்மா.”

“யோசிச்சிட்டேன் சார்.”

சிரித்துக்கொண்டே எழுந்தார். வாட்சைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்து, “உங்க லீடர் மாறவே இல்ல” என்றார்.

இப்போது உன் விஷயம். நேரத்தோடு வீட்டுக்கு வருகிறேன், பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தருகிறேன் என்று நீ எழுதியபோதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்த மாமியாரிடம் என்ன சொன்னாய்? உடம்பு முடியவில்லை என்றா? யாரைக் கேட்டு விட்டுக்கொடுத்தாய்? எனக்கு வேலை வேண்டும் என்று நான் உன்னிடம் ஒரு வரியாவது எழுதினேனா? என் தங்கை லீடர் என்று இந்தக் கடைக்கு வருகிற ஒவ்வொருத்தரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பேச்சு பொய்யாகப் போயிருக்கிறது.

இரண்டு நாள் அழுதேன். உனக்குத் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன். மூன்றாம் நாள் அழவில்லை.

நீ செய்ய வேண்டியது இதுதான். பஞ்சாட்சரம் சார் ரூமுக்குப் போ. என் இடம் எனக்கு வேண்டும் என்று கேள். கெஞ்சாதே. நீ கொடுத்ததைத்தான் திருப்பிக் கேட்கிறாய். அக்கா வரமாட்டாள் என்று தெளிவாகச் சொல்லிவிடு. அவர் என்ன பதில் சொன்னார் என்று ஒரு வார்த்தை விடாமல் எழுது. எழுதாவிட்டால் வேணுவின் நூல் வண்டியில் ஏறி நகரிக்கே வந்துவிடுவேன்.

கோபமும் பாசமுமாக
சந்திரா

*

நகரி
21.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

யோகத்தின் வணக்கம். எல்லோரும் நலம். மாமியாருக்கு முழங்கால் வலி போய், இப்போது என்னைத் திட்டும் பலம் வந்திருக்கிறது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்து முதலில் கோபம் வந்தது. நான் அவ்வளவு ஆசையாக விட்டதை நீ ஒரே பேச்சில் வேண்டாம் என்றுவிட்டாயே என்று. நாலைந்து நாள் சாப்பாட்டு இடைவேளையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால், உன்னைக் கேட்காமலே உனக்கு ஒரு வாழ்க்கை ஏற்பாடு செய்திருக்கிறேன். நீ அங்கே அதைவிட நல்லதாக ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறாய். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

திங்கட்கிழமை சார் ரூமுக்குப் போனேன். எச்.ஆர். அதிகாரியும் இருந்தார்.

“என் லைனைத் திருப்பிக் குடுங்க சார்.”

“நீதானம்மா வேணாம்னு எழுதிக் குடுத்த?” என்றார் எச்.ஆர்.

“ஆங் சார். அக்கா வருவான்னு குடுத்தேன். அக்கா வரமாட்டாளாம்.”

“ஏன் வரமாட்டாங்களாம்?”

“அவளுக்கு நேரமில்லையாம் சார்.”

பஞ்சாட்சரம் சார் மேஜையைத் தட்டிச் சிரித்தார். எச்.ஆர். சிரிக்கவில்லை. என் பழைய லைனை வேறு பெண்ணுக்குக் கொடுத்தாகிவிட்டது, அவள் நன்றாகத்தான் பார்க்கிறாள், அவளை இறக்க முடியாது என்றார். அது நியாயம்தான். “சரி சார், அவள எறக்கவேணாம். அடுத்தது காலியானா எனக்குக் குடுங்க. அதுவரைக்கும் மாசாமாசம் வந்து கேட்டுகினே இருப்பேன்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கெஞ்சவில்லை.

இரண்டு வாரம் போனது. அப்புறம் நடந்ததுதான் நான் எதிர்பார்க்காதது. அந்தப் பன்னிரண்டு பேரும் சேர்ந்து சார் ரூமுக்குப் போயிருக்கிறார்கள். புதிதாகத் தொடங்கும் தண்ணீர் டெஸ்ட் செக்‌ஷனுக்கு லீடர் யார் என்று கேட்டிருக்கிறார்கள். இன்னும் முடிவாகவில்லை என்றதும், அவர்களில் மூத்தவள் சொன்னாளாம்: “அப்ப யோகலட்சுமியப் போடுங்க சார். சொந்த அக்கா பேர எடுத்துட்டு எங்கள எழுதின பொண்ணு. அவ கணக்குல தப்பு வராது.”

வெள்ளிக்கிழமை நீலச் சட்டை திரும்ப வந்தது. பழையது இல்லை, புதியது. தோள் கொஞ்சம் தொளதொள. மாமியாரிடம் நடந்ததையெல்லாம் அன்றுதான் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஜூனிலிருந்து மறைத்தாயா என்று ஆரம்பித்தவர்கள் இன்னும் நிறுத்தவில்லை. திட்டிக்கொண்டே அல்வா கிண்டினார்கள். ஒரு டப்பா வேணுவிடம் கொடுத்திருக்கிறேன். கடைப் பெண்கள் எல்லோருக்கும் கொடு. அம்சாவுக்கு இரண்டு பங்கு.

இனிமேல் உனக்காக நானும் எனக்காக நீயும் சொல்லாமல் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டாம் அக்கா. முதலில் கேட்போம். அப்புறம் சண்டை போட்டு முடிவு செய்வோம்.

புது செக்‌ஷனில் நான் இன்னும் கற்றுக்குட்டிதான். சூடு எவ்வளவு காட்டுவது, சொட்டு விட்டபிறகு எவ்வளவு நேரம் பார்ப்பது, இதெல்லாம் பன்னிரண்டு பேரும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அடுத்த ஞாயிறு காலை, முதல் பஸ்ஸிலேயே மாமியாரையும் குட்டிப்பயலையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவர்கள் மலைக்குப் போகட்டும். என்னை உன் பெஞ்சில் உட்கார வை. போட்டிக் கம்பெனிக்காரி என்று தொழில் ரகசியம் எதையும் ஒளித்து வைக்காதே.

உன் தங்கை
யோகம்